புல்லட்டும் யெஸ்டியும்: டைமிங் வைப்பதில் இரண்டு வழிகள்

பழைய வண்டிக்கு டைமிங் வைப்பது, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது பற்றிப் பட்டறைகளில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. காது போதும், என்ஜின் சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது ஒரு கட்சி. அளந்து பார்க்காமல் பாயிண்ட் தட்டில் கை வைக்கவே கூடாது என்பது மறு கட்சி. இந்த வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், இருவரும் ஒரே வண்டியை மனத்தில் வைத்துப் பேசாததுதான். முதல் கட்சிக்காரர் பெரும்பாலும் புல்லட்டில் தொழில் பழகியவராக இருப்பார். இரண்டாமவர் யெஸ்டியில் சூடு பட்டவராக இருப்பார். இரண்டு வண்டியிலும் சிபி பாயிண்ட் உண்டு, கண்டென்சர் உண்டு, காயில் உண்டு. அதனால் வேலையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். வேலை ஒன்றல்ல. எந்த வண்டியில் காதை நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்பதை அந்த என்ஜினின் அமைப்பே தீர்மானிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது தெளிவாகும்.

களமருதூரில் இருந்துகொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. ஊர் இருப்பது உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சமவெளியில். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் காலையில் கிளம்பியவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை ஏறிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். தட்டையான சாலையில் ஒளிந்துகொண்டிருக்கும் டைமிங் கோளாறு, மலை ஏற்றத்தில் ஒளிய இடமில்லாமல் வெளியே வந்துவிடும்.

இரண்டு ஊர், இரண்டு தத்துவம்

புல்லட் நம் சென்னை வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் இங்கே தொழிலைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த 350 சிசி புல்லட்டை முதலில் விரும்பி வாங்கியவை ராணுவமும் போலீஸும். இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970 வாக்கில் கதையை முடித்துக்கொண்டது. சென்னையிலோ அதே வார்ப்பிரும்பு என்ஜின், உள்ளே சின்னச் சின்ன மாற்றங்களோடு, 2010 வாக்கில்தான் விடைபெற்றது.

யெஸ்டி மைசூர் வண்டி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று ஐடியல் ஜாவா 1961-இல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1970-களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1978-இல் ரோட்கிங் வந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஆலை மூடி இத்தனை ஆண்டு கழிந்தும் வண்டிகள் ஓடுவது, உதிரிபாகம் தேடிப் பிடிக்கும் சொந்தக்காரர்களாலும் இந்த வண்டியின் எளிமையான அமைப்பாலும்தான்.

புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. யெஸ்டி டூ ஸ்ட்ரோக். போர் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., 250 சிசிக்கு ஒரு சொட்டுக் குறைவு. ஒன்றில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிப்பு. மற்றதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. டைமிங் விஷயத்தில் பின்னால் வரப்போகிற வேறுபாடுகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்தே கிளைக்கிறது.

பொறி ஏன் முந்த வேண்டும்

பிளக்கில் பொறி விழுந்த அதே நொடியில் பெட்ரோல் ஆவி முழுவதும் பற்றிக்கொள்வதில்லை. பிளக் முனையில் பற்றிய நெருப்பு சிலிண்டரின் மறுகரை வரை பரவ ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஆகும். அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் டாப்பை, அதாவது மேலே அது எட்டும் உச்சப் புள்ளியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அழுத்தம் முழுவதும் உந்தாக மாறும். ஆகவே பிஸ்டன் டாப்புக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். அந்த முந்தலைத்தான் அட்வான்ஸ் என்கிறோம்; அது குறைந்து பிந்துவது ரிடார்ட். பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் பொறி விழும்.

எவ்வளவு முந்த வேண்டும் என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1,000 சுற்றில், ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கிராங்க் 6 பாகை திரும்பும். 4,000 சுற்றில் அதே நேரத்துக்குள் 24 பாகை திரும்பிவிடும். வேகம் ஏறும்போது சிலிண்டருக்குள் கலவையின் சுழற்சியும் கூடி நெருப்பு சற்று விரைவாகப் பரவும் என்பதால் கணக்கு அப்படியே நான்கு மடங்காக ஏறாது. ஆனாலும் மெதுவாக ஓடும் என்ஜினுக்குப் போதுமான முந்தல் வேகமாக ஓடும் என்ஜினுக்குப் போதாது. இந்தச் சிக்கலைச் சென்னை வண்டியும் மைசூர் வண்டியும் இரண்டு விதமாக எதிர்கொண்டன.

நகரும் டைமிங், நகராத டைமிங்

புல்லட்டின் வலது பக்கத்து டைமிங் மூடியில் இருக்கும் சிறிய வட்ட மூடியைத் திறந்தால் பாயிண்ட் தட்டு தெரியும். அதற்கு அடியில் ஆட்டோ அட்வான்ஸ் யூனிட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எடைத் துண்டு, இரண்டு சிறு ஸ்பிரிங், இவ்வளவுதான் அது. என்ஜின் வேகம் ஏற ஏற எடைகள் வெளிப்பக்கம் விரியும். விரியும்போது பாயிண்டைத் திறக்கிற கேமை முன்பக்கம் திருப்பும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். எடைகள் முழுக்க ஒடுங்கிய நிலையில், டாப்புக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும் என்பது 350 சிசி புல்லட்டுக்கான கணக்கு. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் இது கிராங்கில் சுமார் 10 பாகை. எடைகள் முழுக்க விரிந்தால் 30 பாகையையும் தாண்டும்.

யெஸ்டியில் இந்த ஏற்பாடே கிடையாது. வலது பக்க மூடியைக் கழற்றினால் டைனமோ தெரியும். கிராங்கின் நுனியிலேயே கேம் இருக்கிறது. எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. டாப்புக்குச் சுமார் 3 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும் என்று வைத்தால், கிக்கரை உதைக்கும்போதும் அதே 3 மி.மீ.தான், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போதும் அதே 3 மி.மீ.தான். 75 மி.மீ. ஸ்ட்ரோக்கில் இது சுமார் 20 பாகை. மாடலுக்கு மாடல் இந்த அளவு சற்று மாறும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. ஸ்டார்ட் செய்வதற்கு இந்த முந்தல் கொஞ்சம் அதிகம். முழு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே வடிவமைத்தவர்கள் செய்துகொண்ட சமரசம் அது.

ஒப்பீட்டின் முதல் முடிச்சு இங்கே விழுகிறது. புல்லட்டில் மெக்கானிக் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டும். மீதிப் பயணம் ஸ்பிரிங்கின் பொறுப்பு. யெஸ்டியில் மெக்கானிக் வைத்த புள்ளியே தொடக்கமும் முடிவும். அதனால் புல்லட்டில் டைமிங் சரியாக வைத்தும் வண்டி சரியாக ஓடாமல் போக ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது: யூனிட் துருப்பிடித்து எடைகள் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து எடைகள் எப்போதும் விரிந்தே கிடக்கலாம். தட்டில் கை வைக்கும் முன் கேமை விரலால் பிடித்துச் சுற்றும் திசையில் திருப்பி விட்டுப் பார்க்க வேண்டும். சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் முதலில் யூனிட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள்; ஸ்பிரிங் நீண்டிருந்தால் மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் டைமிங்.

கேப் முதலில்

இரண்டு வண்டிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: முதலில் பாயிண்ட் கேப், அப்புறம் டைமிங். வரிசை மாறினால் செய்த வேலை வீண். காரணம் எளிது. கேப் அதிகமானால் கேமின் மேட்டில் பாயிண்ட் சீக்கிரமே திறந்துவிடும், டைமிங் முந்தும். கேப் குறைந்தால் தாமதமாகத் திறக்கும், டைமிங் பிந்தும். டைமிங் வைத்துவிட்டுப் பிறகு கேப்பைச் சரிசெய்கிறவர், தான் வைத்த டைமிங்கைத் தானே கலைக்கிறார்.

புல்லட்டுக்குக் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. யெஸ்டிக்கு 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் இறுகவும் கூடாது, தளர்ந்து ஆடவும் கூடாது. மெல்லத் தடவிக்கொண்டு வர வேண்டும். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் ஃபீலர் பொய் சொல்லும். அது மேட்டின் உயரத்தை அளக்குமே தவிர உண்மையான இடைவெளியை அளக்காது. குழி விழுந்த பாயிண்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். சீக்கிரமே மறுபடி குழி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

கேமை உரசுகிற பாயிண்டின் குதிகால் நாள்பட நாள்படத் தேயும். தேயத் தேயக் கேப் குறையும், டைமிங் தானாகவே பிந்திக்கொண்டு போகும். கவனிப்பாரில்லாத பழைய வண்டி பெரும்பாலும் ரிடார்டில் கிடப்பது இதனால்தான். புதுப் பாயிண்ட் போட்டதும் ‘வண்டி பறக்குது’ என்று சொல்வதில் பாதிப் பெருமை, போன டைமிங் திரும்பி வந்ததற்குச் சேர வேண்டும்.

புல்லட்டில் முள் பார்ப்பது

புல்லட்டில் முதலில் பார்க்க வேண்டியது எந்த டாப் என்பது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும்: ஒன்று கம்ப்ரஷன், இன்னொன்று எக்சாஸ்ட். கம்ப்ரஷன் டாப்பில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். டேப்பட் மூடியைத் திறந்து இரண்டு புஷ்ராடையும் விரலால் உருட்டிப் பார்த்தால் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் அது தப்பான டாப். இன்னொரு சுற்று சுற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு நாலாவது கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிஸ்டனை மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதற்குள் விட்ட கம்பி நேர் உயரத்தைக் காட்டாது, 0.8 மி.மீ. என்ற சின்ன அளவில் இது பெரிய தவறு. துளையில் பொருத்தும் அளவியாக இருந்தால் சாய்வுக்குக் கழிவு கொடுக்க வேண்டும். இன்னொரு தொல்லை பற்சக்கரங்களில் இருக்கிறது. கிராங்கிலிருந்து பாயிண்ட் கேம் வரை வரிசையாகச் சில பற்சக்கரங்கள். அவற்றுக்கு இடையே சிறிது ஆட்டம் இருக்கும். அதனால் எப்போதும் என்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றிக்கொண்டு வந்து 0.8-இல் நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னே போய் மறுபடி வர வேண்டும். அந்த இடத்திலேயே கொஞ்சம் பின்னே தள்ளி நிறுத்தினால் ஆட்டமெல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

பாயிண்ட் திறக்கும் நொடியைக் கண்டுபிடிக்க புல்லட்டில் ஒரு அழகான வழி இருக்கிறது. ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் ஆம்ப்மீட்டர்தான் அது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் கரண்ட் இழுக்கும். முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நிற்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் சட்டென்று நடுவுக்குத் தாவும். அந்தத் தாவல் விழும் இடம்தான் பொறி விழும் இடம். பிஸ்டன் அப்போது 0.8 மி.மீ.-க்கு வந்திருந்தால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் தட்டின் திருகுகளைத் தளர்த்தித் தட்டைத் திருப்ப வேண்டும். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தும். கேமோடு சேர்த்துத் திருப்பினால் பிந்தும். தட்டின் துளைக்குள் அடங்காத அளவுக்குத் தள்ளியிருந்தால், அட்வான்ஸ் யூனிட்டின் நடு போல்ட்டைத் தளர்த்தி, அதன் கூம்புப் பிடியிலிருந்து விடுவித்து, மறுபடி சரியான இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. புல்லட்டின் கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. தட்டை 1 பாகை திருப்பினால் கிராங்கில் 2 பாகை மாறும். கை சிறிது தவறினாலும் டைமிங் இரட்டிப்பாகத் தவறும்.

யெஸ்டியில் அளவி வைப்பது

யெஸ்டியில் எந்த டாப் என்ற கேள்வியே எழாது. எல்லா டாப்பும் கம்ப்ரஷன் டாப்தான். பற்சக்கர ஆட்டமும் இல்லை. கேம் கிராங்கிலேயே இருப்பதால் தட்டை 1 பாகை திருப்பினால் மாற்றமும் 1 பாகைதான். ஹெட்டில் வால்வு எதுவும் இல்லாததால், பிளக் துளை வழியாக அளப்பதில் நம்பிக்கை வரவில்லை என்றால் ஹெட்டையே கழற்றிப் பிஸ்டன் தலையை நேராக அளந்துவிடலாம். புல்லட்டில் அதே வேலைக்கு ராக்கரும் புஷ்ராடும் கழற்ற வேண்டும்.

டயல் கேஜையோ டெப்த் கேஜையோ பிஸ்டன் மேல் நிறுத்தி டாப்பைக் கண்டுபிடித்து அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டும். டாப்பில் பிஸ்டன் ஒரு கணம் நிற்பதுபோல் இருக்கும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டி நடுப்புள்ளியைப் பிடிக்க வேண்டும். பிறகு பின்னே போய், ஓடும் திசையில் வந்து, டாப்புக்கு 3 மி.மீ. மிச்சமிருக்கும்போது நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கிறதா என்பதைப் பார்க்க ஒரு சிறு பல்பை பாயிண்ட் ஒயருக்கும் என்ஜின் பாடிக்கும் நடுவில் மாட்டிச் சாவியைப் போட்டால் போதும்: பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்ததும் எரியும். பல்பு இல்லாத இடத்தில் சிகரெட் தாள் இருக்கிறது. பாயிண்டின் இரண்டு உதட்டுக்கும் நடுவே தாளை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே கிராங்கைச் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டிருந்த தாள் எந்த நொடியில் வழுக்கி வருகிறதோ அதுதான் பாயிண்ட் திறக்கும் நொடி. கிழிந்த தாள் துணுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் பொறியே வராது. ஊதித் துடைத்துவிட வேண்டும்.

அளக்கும் சுலபத்தை மட்டும் பார்த்தால் யெஸ்டிதான் நல்ல பிள்ளை. டாப்புக்கு அருகே பிஸ்டன் மிக மெதுவாக நகரும் என்பதால், அரை மி.மீ. கூடுதலாக முந்தினால் புல்லட்டில் சுமார் இரண்டரை பாகை தவறும்; யெஸ்டியில் இரண்டு பாகைக்கும் குறைவாகவே தவறும். அளப்பதற்குக் கடினமான வண்டி புல்லட். எளிதான வண்டி யெஸ்டி. ஆனால் தவறுக்கான அபராதம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

தப்பினால் அடி யாருக்கு

புல்லட்டில் டைமிங் அதிகமாக முந்தியிருந்தால் முதலில் அடி வாங்குவது ஓட்டுகிறவரின் கால். உதைக்கும்போது கிராங்க் மெதுவாகத்தான் சுற்றும். பிஸ்டன் டாப்பைத் தாண்டும் முன்பே வெடித்துவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். ‘ரிட்டன் அடிக்குதுண்ணே’ என்று வருகிறவர் நொண்டிக்கொண்டே வருவது அதனால்தான். டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, ஆம்ப்மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டனை டாப்பிலிருந்து சிறிது தாண்ட வைத்துவிட்டு உதைக்கும் பழைய முறை ஓரளவு காப்பாற்றும். ஆனால் அடி விழுந்துகொண்டே இருந்தால் உதைப்பவரைக் குற்றம் சொல்லாமல் தட்டையும் அட்வான்ஸ் யூனிட்டையும் பார்க்க வேண்டும்.

புல்லட்டில் டைமிங் பிந்தினால் கால் தப்பிக்கும். வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், சைலன்சர் வளைவு சூடேறி நீலம் பாயும். எல்லாமே கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற அறிகுறிகள். அதாவது புல்லட் தப்பை வெளியே சொல்லிவிடும். 0.8-இல் வைத்த பிறகு, ஓட்டிப் பார்த்து, ஏற்றத்தில் என்ஜின் கட கட என்று கட்டும் சத்தத்தையும் ஐடிலில் விழும் தாளத்தையும் வைத்து ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ திருப்புகிற மெக்கானிக்கின் காது இங்கே நியாயமான கருவிதான்.

யெஸ்டியில் டைமிங் முந்தினால் அறிகுறி மாறிவிடும். வண்டி கெடுவதற்கு முன்னால் நன்றாக ஓடும். கொஞ்சம் முந்தி வைத்தால் இழுவை கூர்மையாகும், எடுப்பு கூடும், ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும் என்ஜினில் பிஸ்டன் தலைக்கு ஓய்வே கிடையாது. எண்ணெயும் பெட்ரோலோடு கலந்து வருவதுதான். முந்திய பொறி பிஸ்டன் தலையில் ஏற்றும் வெப்பத்தை அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் நெடுநேரம் தாங்காது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டியவருக்குத் திடீரென்று பின்சக்கரம் இறுகும், பிஸ்டன் ஜாம். மோசமான நிலையில் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும். டூ ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. உதைப்பு பலவீனமாக இருந்து பொறி முந்திவிட்டால் என்ஜின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கி, கியர் போட்டதும் வண்டி பின்னால் நகரும். வால்வு வைத்த புல்லட்டில் அப்படி ஓட வழியே இல்லை.

ஆக, புல்லட்டில் தப்பான டைமிங் ஓட்டுகிறவரை உடனே அடிக்கும். யெஸ்டியில் அது ஓட்டுகிறவரை முதலில் தட்டிக்கொடுத்துவிட்டு என்ஜினைப் பிறகு அடிக்கும். இந்த இரண்டாவது வகைத் தப்பைக் காது பிடிக்காது. காதுக்கு இனிமையாக இருக்கிற இடமே ஆபத்தான இடம்.

மலையில் நிறுத்திப் பார்த்தால்

கல்வராயன் மலையின் பெரும்பகுதி இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டிக்கு வருவது ஒரே விதமான சோதனை: வேகம் குறைவு, ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறப்பு, பின்னால் ஆளோ மூட்டையோ. நாக்கிங் (அந்தக் கட்டும் சத்தம்) வருவதற்கு இதைவிடத் தோதான நிலை வேறில்லை. சிலிண்டருக்குள் கலவை நிறைய. பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. நெருப்பு பரவ நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த நிலைக்கு முந்தல் குறைவாக இருக்க வேண்டும்.

புல்லட் இதைத் தானே செய்துகொள்கிறது. வேகம் விழுந்ததும் எடைகள் ஒடுங்கும், டைமிங் பின்வாங்கும். அடிவயிற்றிலிருந்து இழுக்கிற அந்தச் சத்தத்தோடு மூன்றாவது கியரிலேயே வளைவை எடுத்துவிடும். மலையில் புல்லட் கட கட என்று கட்டினால் எடைகள் ஒடுங்கவில்லை, யூனிட் சிக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

யெஸ்டிக்கு அந்த வசதி இல்லை. 20 பாகை என்றால் வளைவிலும் 20 பாகைதான். ஓட்டுகிறவர்தான் அட்வான்ஸ் யூனிட்டின் வேலையைச் செய்ய வேண்டும்: சுற்று விழுவதற்கு முன்பே கியரைக் குறைத்து என்ஜினைச் சுறுசுறுப்பாக வைத்திருக்க வேண்டும். மேல் கியரிலேயே இழுத்துப் பார்க்கும் பழக்கம் புல்லட்காரருக்கு இருக்கலாம், யெஸ்டிக்காரருக்குக் கூடாது. டைமிங் சரியாக இருந்தும் மலையில் யெஸ்டி கட்டினால், கை வைக்க வேண்டிய இடம் பாயிண்ட் தட்டு அல்ல, கியர் லிவர்.

உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சிலிண்டருக்குள் போகும் கலவையும் குறையும். நெருப்பு சற்று மெதுவாகப் பரவும். மலையிலேயே இருந்து மலையிலேயே ஓட்டுகிறவர் கொஞ்சம் முந்தி வைத்தாலும் வண்டி தாங்கும். ஆனால் வெள்ளிமலையில் இனித்த அதே டைமிங்கோடு சித்திரை வெயிலில் சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் விரட்டினால் யெஸ்டி தாங்காது. ஏறி இறங்கும் வண்டிக்குச் சமவெளியின் அளவுதான் அளவு.

இன்றைய பெட்ரோல்

இரண்டு என்ஜினும் உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு எத்தனால் புது விஷயமல்ல. அது கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்தும் கரும்புச் சாற்றிலிருந்தும்கூட வருவது.

எத்தனால் ஆக்டேன் அளவை உயர்த்துகிறது; அந்த அளவில் நாக்கிங் பயம் குறைகிறது. அதைக் கேட்டுவிட்டு ‘இனிமே தாராளமா முந்தி வைக்கலாம்’ என்று கிளம்பக் கூடாது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் போட்ட கார்புரேட்டரில் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூடேற்றும். புல்லட்டில் அது ஆக்ஸிலேட்டர் எடுப்பில் இருமலாகவும் சைலன்சரில் படபடப்பாகவும் தெரியும். யெஸ்டியில் முந்திய டைமிங் செய்கிற அதே கேட்டை, அதே பிஸ்டன் தலையில், சத்தமில்லாமல் செய்யும். ஆகவே புதுப் பெட்ரோலில் வண்டி சரியாக ஓடவில்லை என்றால் முதலில் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்துப் போயிருந்தால் ஜெட்டைக் கவனியுங்கள். கார்புரேட்டர் குற்றத்தைத் தூக்கி டைமிங் தலையில் கட்ட வேண்டாம்.

முடிவாக

இரண்டு கட்சியில் எது சரி என்று கேட்டால், இரண்டும் தத்தம் வண்டிக்குச் சரி. புல்லட்டில் அளப்பது கடினம், தட்டு இரட்டிப்பாகப் பேசும், பற்சக்கரம் ஆடும். அதனால் அளந்து வைத்த பிறகும் சாலையில் ஓட்டிக் காதால் சரிபார்ப்பது தேவை. தப்பு நடந்தால் வண்டி உடனே சொல்லிவிடும் என்பதால் அது பாதுகாப்பானதும்கூட. யெஸ்டியில் அளப்பது எளிது, காது ஏமாறும், தப்பின் விலை பிஸ்டன். அதனால் அளவி சொன்னதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புல்லட் மெக்கானிக் தன் காதை நம்பி யெஸ்டியைத் தொடுவதுதான் இரண்டிலும் பெரிய தவறு. அளவியை மட்டுமே நம்பி, ஒட்டிக்கொண்ட அட்வான்ஸ் யூனிட்டைப் பார்க்காமல் புல்லட்டைத் திருப்பிக் கொடுப்பது அடுத்த தவறு.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டைமிங் வைத்து வண்டியைத் திருப்பி வாங்கும்போது ‘நல்லா வச்சிருக்கேன்’ என்ற பதிலோடு கிளம்பாதீர்கள். கேப் எத்தனை, டாப்புக்கு எத்தனை மி.மீ. முன்னால், புல்லட் என்றால் யூனிட்டைத் திறந்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அந்த எண்களைத் தேதியோடு எழுதி டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வண்டியைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது உதவும்.